முகவரி கேட்ட அச்சுப்பொறி



நம் சங்க மலரில் இலக்கியக் கட்டுரைகளும் கவிதைகளும் பயணக் குறிப்புகளும் வருவது வழக்கம். அவற்றின் நடுவே ஓர் அச்சுப்பொறியைப் பற்றி எழுத முற்படுகின்றேன். 'எழுதுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?' என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் இந்த அச்சுப்பொறியினால் ஒரு மனிதருக்குப் பழி வந்தது. அந்தப் பழியைச் சுமத்தியவர்களுள் நானும் ஒருவன். பொறி இயங்கும் முறையைச் சரிவர அறிந்திருந்தால் அது நேர்ந்திராது. பிறகு அறிந்துகொண்டதை எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகின்றேன். கணிப்பொறி பயிலாத நண்பர்களும் படிக்கவேண்டும் என்பதால், கலைச்சொற்களைக் குறைத்து, எளிய முறையிலேயே சொல்லிச் செல்கின்றேன்.

நடந்தது என்ன?

எங்கள் துறையில் பழைய அச்சுப்பொறி ஒன்று உண்டு. ஒன்பது ஆண்டுகளாகப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து உழைத்தது. ஆய்வேடுகள், வினாத்தாள்கள், நம் சங்கத்தின் பொங்கல் விழா அழைப்பிதழ்கள் ஆகிய யாவும் அதன் வழியாகவே வெளிவந்தன. அது தனியொரு கணிப்பொறியோடு இணைக்கப்பட்டதன்று. கேபிள் மூலம் வலையில் சேர்ந்து, துறையின் கணிப்பொறிகள் அனைத்துக்கும் பொதுவாக நிற்கும் வகையைச் சேர்ந்தது.

சென்ற ஆண்டு புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ஆய்வு மாணவர் பலர் அங்கே குடிபெயர்ந்தோம். அச்சுப்பொறியையும் கொண்டுசெல்வது என்று முடிவாயிற்று. அதனைத் தள்ளுவண்டியில் ஏற்றி, முற்றத்தைக் கடந்து, இரண்டாம் மாடியில் கொண்டுபோய் வைத்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர். ஓய்வு பெற ஓராண்டே இருந்த முதியவர். மாணவர் அனைவரும் அவரைச் 'சாச்சா' என்றே அழைப்போம்.

புதிய இடத்தில் பொறியின் விளக்குகள் எரிந்தன. உருளைகள் சுழலும் ஓசையும் கேட்டது. ஆனால் யார் எதை அனுப்பினாலும் ஒரு தாள்கூட வெளிவரவில்லை. "வண்டியிலிருந்து இறக்கும்போது கீழே போட்டிருப்பார்" என்றார் ஒருவர். "ஆம், அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான். துறையின் சர்வரைக் கவனிக்கும் வேலை என்னிடம் இருந்ததால், என் சொல்லுக்கு மதிப்பும் இருந்தது. இரண்டே நாளில் அலுவலகத்தில் ஒரு கோப்பு பிறந்தது. பொறி பழுதாகிவிட்டது, அதனைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கலாம் என்பது அதன் முதற் பகுதி. கவனக்குறைவுக்கு உதவியாளரிடம் விளக்கம் கேட்கலாம் என்பது இரண்டாம் பகுதி.

அன்று மாலை சாச்சா என்னிடம் வந்தார். "பேட்டா, அதைக் கைக்குழந்தையைப் போலத்தான் தூக்கிவந்தேன். கீழே போடவில்லை. நீ ஒருமுறை பார்த்துச் சொல்" என்று இந்தியில் கூறினார். நான் ஒருமுறைகூடப் பாராமலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் என் மனத்தில் தைத்தது.

அன்றிரவே மாடிக்குச் சென்றேன். பொறியின் முகப்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் தன்னைப் பற்றிய விவரங்களைத் தானே ஒரு தாளில் அச்சிட்டுத் தரும். அழுத்தினேன். தாள் வந்தது. எழுத்துகள் கறுப்பாகவும் தெளிவாகவும் இருந்தன. கீழே விழுந்து உடைந்த பொறி இவ்வளவு அழகாக அச்சிடுமா? தாளை மேலிருந்து கீழாகப் படித்தேன். முகவரி என்ற இடத்தில் 0.0.0.0 என்று இருந்தது. முகவரி பெறும் முறை என்ற இடத்தில் 'பூட்பி' என்று இருந்தது. பொறி உடையவில்லை, அதற்கு முகவரி கிடைக்கவில்லை. இவ்வளவுதான் செய்தி.

பொறி கேட்கும் கேள்வி

வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படும் 48 பிட் எண். இதனை வன்பொருள் முகவரி என்பர். இது மனிதனுக்கு முகம் போன்றது. எங்குச் சென்றாலும் உடன்வரும். மற்றொன்று ஐ.பி. முகவரி. இப்போது பரவலாக வழங்கும் நான்காம் பதிப்பில் இது 32 பிட் எண், 10.20.1.40 என்பது போல நான்கு பகுதிகளாக எழுதப்படும். இது அறை எண் போன்றது; இடம் மாறினால் இதுவும் மாறவேண்டும்.

மின்விசையைப் போட்டதும் கருவி துயிலெழுந்து வேலைக்கு ஆயத்தமாவதைத்தான் 'பூட்' ஆதல் என்கிறோம். எங்கள் அச்சுப்பொறி எழும்போது தன் முகத்தை மட்டுமே அறியும். தன் அறை எண்ணை அறியாது. அதனை வழங்கும் சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் அறியாது. அனுப்புநர் முகவரியும் இல்லை, பெறுநர் முகவரியும் இல்லை என்றால் மடல் எழுதுவது எப்படி?

இதற்கு ஒரே வழி கூவிக் கேட்பதுதான். அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் எழுதி, 'இந்த முகம் உடையவன் நான். என் முகவரி என்ன என்று அறிந்தவர் சொல்லுங்கள்' எனப் பொதுவில் அறிவிக்கும். 255.255.255.255 என்பது 'இங்கே இருப்போர் அனைவருக்கும்' என்று பொருள்படும் எண். இவ்வாறு அனைவர்க்கும் கூவுவதைப் பிராட்காஸ்ட் என்பர். சர்வர் 67 என்ற எண்ணுள்ள வாயிலில் இந்தக் குரலுக்குச் செவி சாய்த்திருக்கும். கேட்கும் கருவி 68 என்ற வாயிலில் விடைக்குக் காத்திருக்கும். சர்வர் தன் பதிவேட்டைப் புரட்டி, அந்த முகத்துக்கு உரிய முகவரியைச் சொல்லும். ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு காலையும் எங்கள் பொறி இப்படித்தான் கேட்டது. பழைய கட்டடத்திலிருந்த சர்வர் இப்படித்தான் சொன்னது. ஒரே வலையில் இருந்தமையால் ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேட்டது.

குரல் நின்ற இடம்

பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே வலையாக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கருவியும் எழுப்பும் ஒவ்வொரு கூவலும் எல்லாக் கருவிகளின் செவியிலும் விழும். ஆயிரக்கணக்கான கருவிகள் கூவிக்கொண்டிருந்தால் வேலை நடவாது. ஆகவே பெரிய வலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து வைப்பார்கள். அப்பகுதியே சப்நெட். எங்கள் பழைய கட்டடம் 10.20.1 என்று தொடங்கும் முகவரிகளை உடைய சப்நெட். புதிய கட்டடம் 10.20.7 என்று தொடங்கும் சப்நெட். இரண்டுக்கும் நடுவே நின்று, முகவரி பார்த்துச் செய்திகளை அங்குமிங்கும் கடத்துவது ரூட்டர்.

ரூட்டரின் இயல்பு ஒன்றை இங்கே மறவாமல் மனத்தில் கொள்ளவேண்டும். முகவரி எழுதிய மடலை அது அடுத்த சப்நெட்டுக்குக் கடத்தும். பொதுவில் எழுந்த கூவலைக் கடத்தாது; அது தன் காதில் விழுந்தாலும் அங்கேயே நிறுத்திவிடும். இது ரூட்டரின் குறையன்று, அதன் கடமை. சப்நெட்டுகளாகப் பிரித்ததன் பயனே அந்தக் கடமையால்தான் விளைகிறது.

நம் விடுதி வாழ்க்கையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். புதிய மாணவன் ஒருவன் பெட்டியோடு ஒரு விடுதியின் முற்றத்தில் வந்து நிற்கிறான். தன் அறை எது என்று அவனுக்குத் தெரியாது. 'எனக்கு எந்த அறை?' என்று உரக்கக் கேட்கிறான். விடுதி அலுவலகம் அதே கட்டடத்தில் இருந்தால் எழுத்தர் எட்டிப் பார்த்து விடை சொல்வார். அலுவலகம் மைதானத்துக்கு அப்பால் வேறொரு கட்டடத்தில் இருந்தால்? அவன் தொண்டை வறளக் கூவினாலும் விடை வாராது. அவன் ஊமையும் அல்லன். எழுத்தர் செவிடரும் அல்லர். இடையில் மதில் இருக்கிறது.

எங்கள் அச்சுப்பொறிக்கு நேர்ந்தது இதுவே. புதிய கட்டடத்தில் அதற்கு முன்பே நான்கு கணிப்பொறிகள் இருந்தன. அவற்றுக்கு முகவரியைக் கையாலேயே எழுதி வைத்திருந்தனர். அவை எதனையும் கூவிக் கேட்கவேண்டிய தேவை இல்லை. எனவே இங்கே கூவினால் கேட்பார் இல்லை என்பது எங்களுள் ஒருவர்க்கும் தெரியவில்லை.

முன்னோர் கண்ட வழி

இத்தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இதனை எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. இணையத்தின் நெறிமுறைகள் ஆர்.எஃப்.சி. எனப்படும் ஆவணங்களாக எண்ணிட்டு வெளியிடப்படுகின்றன. 1984 ஜூன் மாதம் வெளியான 903 ஆம் ஆவணம் ஆர்.ஏ.ஆர்.பி. என்னும் முறையை வகுத்தது. முகத்தைக் காட்டி முகவரி கேட்கும் முறை அது. ஆனால் அதன் செய்தி ரூட்டரைக் கடக்கவே இயலாத அமைப்பினது. ஒவ்வொரு சிறு வலையிலும் ஒரு சர்வர் வைத்தாகவேண்டும்.

1985 ஆகஸ்டில் ஜெஃப்ரி மோகல், ஜான் போஸ்டல் இருவரும் எழுதிய 950 ஆம் ஆவணம் சப்நெட்டுகளாகப் பிரிக்கும் முறைக்கு இலக்கணம் வகுத்தது. அடுத்த மாதமே, செப்டம்பரில், 951 ஆம் ஆவணமாகப் பூட்பி வெளிவந்தது. அதனை எழுதியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் கிராஃப்ட் என்பவரும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கில்மோர் என்பவரும் ஆவர்.

பூட்பியின் கேள்வியும் விடையும் ஒரே வகைப் படிவத்தில் எழுதப்படுகின்றன. அப்படிவத்தின் அளவு 300 பைட். கேட்பவனின் முகத்துக்கு ஒரு கட்டம்; அவனுக்கு வழங்கப்படும் முகவரிக்கு ஒரு கட்டம்; அவன் அடுத்துப் படிக்கவேண்டிய கோப்பின் பெயருக்கு ஒரு கட்டம். இவற்றோடு 'ஜி.ஐ. அட்ரஸ்' என்ற பெயரில் இன்னொரு கட்டமும் உண்டு. கேட்பவன் அதனைச் சுழியமாகவே விட்டுவிடுவான். பின் எதற்காக அந்தக் கட்டம்? அதுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி.

மீண்டும் விடுதிக்கு வருவோம். முற்றத்தில் ஒரு காவலர் நிற்கிறார். புதியவனின் குரலைக் கேட்கிறார். அவன் கேட்டதை ஒரு சீட்டில் எழுதுகிறார். சீட்டின் ஓரத்தில் 'ஏழாம் விடுதியிலிருந்து' என்று குறிக்கிறார். மைதானத்தைக் கடந்து அலுவலகத்தில் கொடுக்கிறார். எழுத்தர் சீட்டின் ஓரத்தைப் பார்த்து, ஏழாம் விடுதியின் அறைகளுள் ஒன்றை ஒதுக்குகிறார். விடையைக் காவலரிடமே தருகிறார். காவலர் திரும்பி வந்து புதியவனிடம் சொல்கிறார்.

அந்தக் காவலர்க்குக் கணிப்பொறி உலகில் ரிலே ஏஜென்ட் என்று பெயர். பெரும்பாலும் ரூட்டரே அந்த வேலையைச் செய்துவிடும். ரூட்டர் கூவலைக் கூவலாகக் கடத்துவதில்லை. அதனை வாங்கி, சர்வரின் முகவரி எழுதிய மடலாக மாற்றி அனுப்புகிறது. புதிய சப்நெட்டில் தனக்குள்ள முகவரியை ஜி.ஐ. அட்ரஸ் கட்டத்தில் எழுதுகிறது. சர்வர் அக்கட்டத்தைப் பார்த்தே, கேட்பவன் எந்தச் சப்நெட்டில் நிற்கிறான் என்று அறிகிறது. மடல் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்காமல் காப்பதற்கு, எத்தனை கை மாறிற்று என்று எண்ணும் கட்டமும் படிவத்தில் உண்டு. 1993 அக்டோபரில் வெளியான 1542 ஆம் ஆவணம் ரிலே ஏஜென்டின் கடமைகளைத் தெளிவாக வரையறுத்தது. அந்த எண்ணிக்கை 16 ஐத் தாண்டினால் மடலைப் போட்டுவிடவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

அதே 1993 அக்டோபரில் ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. முறையும் வெளிவந்தது, 1997 மார்ச்சில் 2131 ஆம் ஆவணமாகத் திருத்தம் பெற்றது. நம் கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் விடுதி வலையில் முகவரி பெறுவது இம்முறையால்தான். முகவரியை நிலையாகத் தராமல் குறித்த காலத்துக்குக் குத்தகையாகத் தருவது இதன் சிறப்பு. எனினும் படிவம் பூட்பியின் படிவமே. 67, 68 என்ற வாயில்களும் அவையே. ஓரத்தில் குறிப்பெழுதும் காவலரும் அவரே. ஆகவே இங்கே நான் சொல்வது பழைய அச்சுப்பொறிக்கு மட்டும் உரியதன்று.

நாங்கள் செய்தது

முதலில் என் ஊகம் சரிதானா என்று சோதித்தேன். வலையில் செல்லும் செய்திகளைக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு; டி.சி.பி. டம்ப் என்பது அதன் பெயர். அதனை மடிக்கணினியில் இயக்கி, அச்சுப்பொறி இருந்த அறையின் சுவிட்சிலேயே இணைத்தேன். பொறியை நிறுத்தி மீண்டும் போட்டேன். அதன் கூவல் திரையில் வந்தது; சிறிது இடைவெளி விட்டு மீண்டும் வந்தது. பிறகு பழைய கட்டடத்துக்கு ஓடிச் சர்வரில் பார்த்தேன். அங்கே ஒரு சிறு முணுமுணுப்பும் இல்லை. குரல் எழுகிறது, ஆனால் வந்து சேரவில்லை என்பது உறுதியாயிற்று.

மறுநாள் பல்கலைக்கழகக் கணிப்பொறி மையத்தின் பொறியாளரைக் கண்டு, புதிய கட்டடத்தின் பூட்பி கூவல்களை எங்கள் சர்வருக்கு அனுப்பும்படி ரூட்டரில் எழுதித்தர வேண்டினேன். பல ரூட்டர்களில் இதற்கு 'ஹெல்ப்பர் அட்ரஸ்' என்று பெயர். ஒரே வரிதான். கூவல் எழும் சப்நெட்டின் பக்கத்து வாயிலில் அதனை எழுதவேண்டும். சர்வர் இருக்கும் பக்கத்தில் எழுதினால் பயன் இல்லை. அவர் சரியாக எழுதித் தந்தார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று மகிழ்ந்தேன். ஆகவில்லை. ஆனால் இம்முறை சர்வரின் நாட்குறிப்பில் ஒரு வரி பதிந்திருந்தது. 'அறியாத வலைப்பகுதியிலிருந்து கேள்வி வந்தது' என்பது அதன் பொருள். சீட்டு வந்துவிட்டது, ஆனால் ஏழாம் விடுதி என்று ஒன்று இருப்பதே எழுத்தரின் பதிவேட்டில் இல்லை! 10.20.7 என்னும் சப்நெட்டைச் சர்வரின் பதிவேட்டில் சேர்த்தேன்.

மீண்டும் பொறியைப் போட்டேன். மீண்டும் விடை இல்லை. நாட்குறிப்பில் இப்போது வேறொரு வரி. நிலையான இடம் இல்லாத பூட்பி கருவிக்குக் கொடுக்க முகவரி எதுவும் கையிருப்பில் இல்லை என்று அது கூறிற்று. இது என்னைச் சிறிது நேரம் திகைக்க வைத்தது. அந்தப் பொறியின் பெயரும் முகமும் பதிவேட்டில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கின்றனவே! பின்பே விளங்கிற்று. பதிவேட்டில் அதற்கு எழுதியிருந்தது 10.20.1.40 என்னும் பழைய முகவரி. இரண்டாம் விடுதியின் அறையை ஏழாம் விடுதியில் நிற்பவனுக்குக் கொடுக்க முடியாது அல்லவா? ஆகவே சர்வர் அந்தக் குறிப்பை ஒதுக்கிவிட்டு, அவனை இடமற்றவனாகக் கருதிற்று. 10.20.7.40 என்று திருத்தினேன்.

இம்முறை பொறி முகவரி பெற்றது. விவரத் தாளில் 10.20.7.40 என்ற எண் அச்சாகி வந்தபோது, தேர்வில் முதல் வகுப்புப் பெற்றதைப் போல மகிழ்ந்தேன். அறையிலிருந்த நண்பர்கள் ஒரு பக்கம் அனுப்பினர்; அச்சாயிற்று. ஆனால் பழைய கட்டடத்திலிருந்து அனுப்பியவர்களுக்கு மட்டும் அச்சாகவில்லை.

இதன் காரணம் மிகச் சிறியது. முகவரியோடு இன்னும் இரண்டு செய்திகளையும் சர்வர் சொல்லவேண்டும். தன் சப்நெட்டின் எல்லை எது என்று காட்டும் சப்நெட் மாஸ்க் ஒன்று. எல்லைக்கு அப்பால் அனுப்புவதற்கான ரூட்டரின் முகவரி மற்றொன்று. புதிய சப்நெட்டை எழுதியபோது இரண்டாவதை மறந்துவிட்டேன். பழைய கட்டடத்தின் செய்தி பொறியை அடைந்தது. பொறிக்குத்தான் விடை அனுப்பும் வழி தெரியவில்லை. பக்கத்து மேசைக்கு விடை தரும். அடுத்த கட்டடத்துக்குத் தராது. அந்த வரியையும் சேர்த்த பின்னரே வேலை முழுமை பெற்றது.

ஓர் ஐயம்

'இத்தனை பாடு எதற்கு? முகப்புப் பொத்தான்களை அழுத்தி முகவரியைக் கையால் எழுதிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்குமே?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே ஒரு பொறிதான் என்றால் அதுவும் தக்க வழியே. ஆனால் கையால் எழுதிய முகவரி அந்தப் பொறிக்குள் மட்டுமே இருக்கும். யாரேனும் பொறியைத் தொடக்க நிலைக்குத் திருப்பினால் அது அழிந்துபோகும். அதே முகவரியை வேறொருவர் வேறொரு கருவிக்கு அறியாமல் எழுதிவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். முகவரிகள் ஒரே பதிவேட்டில் இருந்தால் யாருக்கு எது என்பது ஒரு பார்வையில் தெரியும். மேலும் அடுத்த மாதம் அதே மாடிக்கு வரும் கருவியும் இவ்வாறே கூவி நிற்கும். அப்போது பழி யார்மேல் விழுமோ!

இதே இடரில் சிக்குவோர்க்கு

பின்வரும் வரிசையில் பார்த்தால் காலம் மிச்சமாகும்.

1. பொறியின் விவரத் தாளை அச்சிட்டுப் படிக்கவேண்டும். தாள் நன்றாக வந்தால் அச்சிடும் உறுப்புகள் நலமாக உள்ளன. 0.0.0.0 என்றோ, 169.254 என்று தொடங்கும் எண்ணோ இருந்தால் முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். விடை கிடைக்காதபோது சில கருவிகள் தாமே சூட்டிக்கொள்ளும் எண் 169.254 வகை, அது ரூட்டரைக் கடக்காது.

2. பொறியின் அருகில் கூவல் எழுகிறதா, சர்வரில் அது சேர்கிறதா என்று இரண்டு இடத்திலும் பார்க்கவேண்டும். முன்னது உண்டு, பின்னது இல்லை என்றால் ரிலே ஏஜென்ட் இல்லை. அல்லது இடையிலுள்ள தடுப்பு அரண் 67 ஆம் வாயிலை மூடியிருக்கிறது.

3. சர்வரில் சேர்ந்தும் விடை இல்லையென்றால் பதிவேட்டில் புதிய சப்நெட் உண்டா, பொறியின் முகவரி அந்தச் சப்நெட்டைச் சேர்ந்ததா என்று பார்க்கவேண்டும். சர்வரின் நாட்குறிப்பு பொய் சொல்லாது.

4. பக்கத்தில் அச்சாகி, தொலைவிலிருந்து அச்சாகவில்லையென்றால் ரூட்டரின் முகவரி சொல்லப்பட்டதா என்று பார்க்கவேண்டும்.

5. சில பழைய பொறிகள் முகவரி பெற்றபின் டி.எஃப்.டி.பி. என்னும் எளிய முறையில் ஒரு சிறு கோப்பையும் கேட்டு வாங்கும். அதன் முதற் கேள்வி 69 ஆம் வாயிலுக்குச் செல்லும். ஆனால் சர்வரின் விடை வேறொரு வாயிலிலிருந்து வரும். 69 ஐ மட்டும் திறந்துவிட்ட அரண் அந்த விடையை மறித்துவிடக்கூடும்.

6. மின்சாரம் போய் வந்த காலைகளில் மட்டும் முகவரி கிடைக்கவில்லையென்றால் சுவிட்சைப் பார்க்கவேண்டும். பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் இயங்கும் சுவிட்ச், ஒரு வாயிலைத் திறக்குமுன் 15 வினாடி கவனித்து, 15 வினாடி கற்று, ஆக 30 வினாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் கேட்டு ஓய்ந்துவிடும் கருவிக்கு விடை எப்படிக் கிடைக்கும்? பொறி இணைந்த வாயிலை உடனே திறக்கும்படி அமைக்கலாம்.

7. எல்லாம் சரியாகியும் அடுத்த சப்நெட்டிலுள்ள மடிக்கணினியின் பட்டியலில் பொறியின் பெயர் தானாகத் தோன்றாமல் இருக்கலாம். அந்தப் பட்டியல் பெரும்பாலும் எம்.டி.என்.எஸ். என்னும் முறையால் உருவாவது. அதன் குரலும் ஒரே சப்நெட்டுக்குள் நிற்பதுதான். பொறியின் ஐ.பி. முகவரியை நேரே எழுதிச் சேர்த்துக்கொண்டால் அச்சாகும்.

முடிவாக

வேலை முடிந்த அன்றே துறை அலுவலகத்துக்குச் சென்று, பொறி பழுதாகவில்லை, இடம் மாறியபோது வலையில் செய்யவேண்டிய மாற்றத்தைச் செய்யாததே காரணம், அதைக் கவனிக்கவேண்டியவன் நானே என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பின் இரண்டு பகுதிகளும் கைவிடப்பட்டன. என் கடிதத்தின் படி ஒன்றை அதே பொறியில் அச்சிட்டுச் சாச்சாவிடம் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். அது ஆங்கிலத்தில் இருந்தது, படித்துக்காட்டச் சொன்னார். இந்தியில் பொருள் சொன்னேன். கேட்டுவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பொறி நலமாக இருக்கிறது அல்லவா? அது போதும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

விடை வாராத இடத்தில், கேட்டவன் ஊமை என்றோ கொண்டுவந்தவன் உடைத்துவிட்டான் என்றோ முடிவு கட்டுவது எளிது. குரல் எதுவரை சென்றது, எங்கே நின்றது என்று நடந்துபோய்ப் பார்ப்பதற்குச் சிறிது உழைப்பு வேண்டும். ஒவ்வொரு ஜூலையிலும் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து, இங்குள்ள மொழி தெரியாமல், கையில் பெட்டியோடு மாணவர் சிலர் நம் விடுதி முற்றங்களில் வந்து நிற்கின்றனர். அவர்கள் கேட்பதை அலுவலகம்வரை கொண்டுசென்று, விடையை வாங்கிவந்து சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலையை நம் சங்கம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இனியும் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டு இக்கட்டுரையை முடிக்கின்றேன்.